கப்பல் சொந்தம்

போர்ட் பிளேயர் லம்பா லைன் மேட்டில் மூன்று நாளைக்கு ஒரு தடவைதான் குழாயில் தண்ணீர் வரும். தண்ணீர் வருகிற நேரத்தில் பெற்ற தாயே செத்தாலும் டிரம் நிரம்பிய பிறகுதான் அழணும் என்பாள் ஒச்சம்மா. அப்படி ஒரு தண்ணீர் நாளாகப் பார்த்துத்தான் முனிசிபாலிட்டியிலிருந்து வாடகைக்குக் குடியிருப்பவர்களைக் கணக்கெடுக்க வந்தார்கள். சர்க்கார் ஆட்கள் என்றைக்கு நம் சௌகரியம் பார்த்து வந்திருக்கிறார்கள்?

ஒச்சம்மாவுக்குத் தொழில் இட்லி மாவு. ஏர்போர்ட் ரோட்டு டீக்கடைகளுக்கும், தமிழோ மலையாளமோ தெலுங்கோ, இட்லிச் சட்டி இருக்கிற அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் அவள் கிரைண்டரிலிருந்துதான் மாவு போகும். அந்தமான் ஈரத்துக்கு மாவு சொல்லாமல் கொள்ளாமல் பொங்கி வழிந்துவிடும். எந்த மழைக்கு எவ்வளவு உளுந்து, எந்தப் புழுக்கத்துக்கு எவ்வளவு உப்பு என்பதெல்லாம் அவள் கைக்குத் தெரியும். மெயின்லேண்டிலிருந்து கப்பல் பிந்தினால் உளுந்து விலை ஏறும். அந்த வாரம் முழுக்கக் கப்பல் கம்பெனிக்கு அவளிடமிருந்து திட்டு விழும்.

அந்தக் கிரைண்டர் நின்ற இடம் ஜம்புலிங்கம் காண்ட்ராக்டரின் வீட்டுப் பின்கட்டு. பலகைச் சுவர், தகரக் கூரை, ஓர் அறை, ஓர் அடுப்படி, வெளியே தார்ப்பாய் கட்டி இறக்கிய சாய்ப்பு. முன்கட்டில் ஜம்புலிங்கமும் அவர் மனைவி அமிர்தவல்லியும் இருந்தார்கள். அவர்கள் ஒரே பிள்ளை மெயின்லேண்டில் படித்துக்கொண்டிருந்தான். சரிவில் நாலு படி இறங்கினால் கீழ் அறையில் ஆசியாவும் அவள் புருஷன் ஆரிப்பும், கைக்குழந்தையோடு. ஆரிப்புக்கு அபர்டீன் பஜாரில் தையல் கடை. ஒச்சம்மாவின் புருஷன் ஐயாவு கம்பி கட்டுகிறவர். ஜம்புலிங்கம் எடுத்திருந்த பள்ளிக்கூடக் கட்டட வேலைக்காக நடு அந்தமானில் இருக்கிற ரங்கத்தில் கிடந்தார். மாதம் ஒருமுறை பஸ் ஏறி வருவார். மகள் கார்த்திகா காலேஜில் கடைசி வருஷம்.

போர்ட் பிளேயருக்குப் பேரை மாற்றினார்கள். ஊர்க்காரர் வாயில் இன்னும் போர்ட் பிளேயர்தான். ஆனால் ஊர் மாறத்தான் செய்தது. ஏர்போர்ட்டை ஒட்டிய தகர வீடுகளை மெயின்லேண்ட் ஆட்கள் ஒவ்வொன்றாக வாங்கி ஓட்டல் எழுப்பினார்கள். வீட்டுக்காரருக்கு யோகம், குடியிருந்தவருக்குத் தெரு. அதைப் பார்த்துத்தான் முனிசிபாலிட்டி ஓர் ஏற்பாடு செய்தது. வாடகைக்காரர் என்று பதிவான குடும்பத்தை, முனிசிபாலிட்டி கட்டுகிற குறைந்த வாடகை வீடு கைக்கு வரும்வரை எந்த வீட்டுக்காரரும் கிளப்பக் கூடாது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் 'நான் வாடகைக்காரி' என்று வாயைத் திறந்து சொல்கிறவளுக்குத்தான் அது நல்ல ஏற்பாடு.

கணக்கெடுக்க வருவதற்கு முந்தின நாள் அமிர்தவல்லி கொல்லைப்பக்கம் வந்து நின்றாள்.

"ஒச்சு, நாளைக்கு ஆபீஸ்லேர்ந்து வாராங்களாம். கேட்டா வீட்டு ஆளுன்னு சொல்லிரு. கிராயதார்னு எழுதிட்டாங்கன்னா உங்கண்ணனுக்கு டேக்ஸ் ஏத்திருவாங்க."

"அடி ஆத்தி, இத நீ வந்து சொல்லணுமாக்கும்? நான் என்னைக்கு மதினி வாடகைக்காரி?"

"அதுக்கில்ல, நீ வெள்ளந்தி. எதையாச்சும் உளறிருவ."

"எங்கண்ணன் வீட்டப் பத்தி நான் உளறுவேனா? போ மதினி, போயி வேலையப் பாரு."

அவள் பாசாங்கு பண்ணவில்லை. மாதம் பிறந்து வருகிற முதல் வெள்ளிக்கிழமை, விளக்கேற்றியதும் ஒச்சம்மா பணத்தைக் கொண்டுபோய் அமிர்தவல்லி கையில் கொடுப்பாள். "செலவுக்கு வச்சுக்க மதினி" என்பாள். அவளும் "எதுக்கு ஒச்சு இப்ப அவசரம்" என்று சொல்லிக்கொண்டே முந்தானையில் முடிந்துகொள்வாள். வாடகை என்ற சொல் அந்த வீட்டில் புழங்கியதே இல்லை. அதைச் சொல்ல இரண்டு பேருக்குமே கூச்சம்.

அந்தக் கூச்சத்துக்குப் பின்னால் ஒரு கப்பல் இருந்தது. கல்யாணமான புதிதில் ஒச்சம்மாவும் ஐயாவும் உசிலம்பட்டியை விட்டுச் சென்னை வந்து கப்பல் ஏறினார்கள். அடித்தட்டுப் பங்க் கிளாஸில் தலையைத் தூக்க முடியாமல் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்துக்கொண்டு கிடந்தாள் ஒச்சம்மா. எதிர்ப் படுக்கையில் இருந்த ஒரு பையன் நார்த்தங்காய் ஊறுகாயை நீட்டி, "நாக்குல வையிம்மா, நிக்கும்" என்றான். எந்த ஊர் என்று விசாரித்தால் உசிலம்பட்டிக்குப் பக்கத்துக் கருமாத்தூர். அதற்கு மேல் என்ன வேண்டும்? அந்த நிமிஷமே ஜம்புலிங்கம் அவளுக்கு அண்ணன் ஆகிவிட்டான். தீவில் இதைக் கப்பல் சொந்தம் என்பார்கள். உடன்பிறந்தவர்கள் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறார்கள். சாவுக்கு அழவும் காதுகுத்துக்கு மடியில் பிள்ளையை வைக்கவும் இந்தப் பக்கம் ஆள் வேண்டாமா? ஒரே கப்பலில் வந்தவர்கள் அண்ணன் தங்கச்சி ஆனார்கள், மாமன் மச்சான் ஆனார்கள். அது விளையாட்டுச் சொந்தம் இல்லை. அதற்குள் பெண் எடுக்கக்கூடத் தயங்குவார்கள்.

ஜம்புலிங்கத்துக்குக் கல்யாணம் கூடியபோது புயல் வந்து கப்பலை ரத்து செய்துவிட்டார்கள். கூடப்பிறந்த அக்கா சென்னையிலேயே நின்றுபோனாள். முகூர்த்தத்துக்கு நாத்தனார் முடிச்சுப் போட ஆள் இல்லை. "தங்கச்சி இங்க இருக்கப்ப என்ன யோசன?" என்று ஒச்சம்மா மணவறையில் ஏறி நின்றாள். அமிர்தவல்லியின் தாலியில் மாப்பிள்ளை போட்டது ஒரு முடிச்சு. மற்ற இரண்டும் ஒச்சம்மா போட்டது. பிறகு ஜம்புலிங்கம் காண்ட்ராக்ட் எடுத்தார், கையில் காசு புரண்டது, வீடு கட்டினார். "தங்கச்சி எதுக்கு அங்கங்க அலையணும்" என்று பின்கட்டைக் கொடுத்ததும் அவர்தான்.

கணக்கெடுக்க வந்தவள் ப்ரியங்கா மேடம். தீவிலேயே பிறந்த வங்காளிப் பெண், சின்ன வயசு. இந்தியில் ஆரம்பித்துத் தமிழில் முடிப்பாள். ஒச்சம்மா ஒரு கையில் குழாயும் மறு கையில் குடமுமாக நின்றிருந்தாள்.

"ஆப் லோக் கிராயதார் ஹே, அம்மா? வாடகைக்கா இருக்கீங்க?"

கார்த்திகா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். "அம்மா, கிராயதார்னே சொல்லும்மா. ஸ்கீம்ல வந்தா நமக்குத்தான் ஃபாயிதா. வீடு கெடைக்கும்."

"பெரியவுக பேசுறப்ப என்னாடி ஃபாயிதா கீயிதான்னுக்கிட்டு!" ஒச்சம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு தன் உசிலம்பட்டி இந்தியில் உரக்கச் சொன்னாள். "கிராயதார் நஹி மேடம். ஹம் லோக் கர் கா ஆத்மி. இந்த வீட்டு ஆளுக. ஓனரு எங்கண்ணன்."

"பக்கா?"

"பக்கா மேடம்."

முன்கட்டு வாசலில் நின்ற அமிர்தவல்லி சிரித்தாள். ஒச்சம்மாவுக்கு அந்தச் சிரிப்பு பெருமையாக இருந்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்?

கீழே ஆசியா சுற்றி வளைக்கவில்லை. "கிராயதார்" என்று ஒற்றைச் சொல்லில் முடித்தாள். ஆரிப் மாதாமாதம் வாடகையைப் போனில் அனுப்புகிறவன். அதைத் திறந்து காட்டினான். மேடம் குறித்துக்கொண்டு போய்விட்டாள்.

ஜீப் திரும்பியதும் ஒச்சம்மா இடுப்பில் குடத்தோடு படி இறங்கினாள்.

"ஏத்தா ஆசியா, ஒனக்கே நல்லாருக்கா? நோம்புக் கஞ்சிக்குத் தேங்கா அனுப்புன மனுசி எங்க மதினி. அவள நிறுத்தி வச்சுக்கிட்டு கிராயதார்ங்கிற?"

"வாடகைதானேக்கா குடுக்குறோம். வேற என்னண்டு சொல்லச் சொல்றீங்க?"

"அன்னியமாட்டம் பேசிப்புட்டியேடி."

"அவுக நல்ல மனுசங்கதான். நான் இல்லண்டு சொல்லலயே. நாளைக்கே அவுகளுக்கு வீடு தேவப்பட்டா நாங்க புள்ளயத் தூக்கிக்கிட்டு எங்கக்கா போறது?"

"தின்ன வீட்டுக்கு ரெண்டகம்" என்று முணுமுணுத்துக்கொண்டு ஒச்சம்மா மேலே ஏறினாள். அன்றிலிருந்து ஆசியாவுக்கு மாவு கிடையாது. பாத்திரத்தோடு வந்து நின்றால் "தீந்துருச்சு" என்பாள், அண்டா நிறைய மாவு நுரைத்துக்கொண்டிருக்கும். ஆசியா வீட்டில் மழைக்காலம் முழுக்க உப்புமாதான்.

மழை ஓய்ந்த சமயத்தில் முனிசிபாலிட்டியின் முதல் கட்டடம் எழும்பி முடிந்தது. பதிவானவர்களுக்குச் சாவி கொடுக்கப் போகிறார்கள், ஆசியாவுக்கும் உண்டு என்று பேச்சு வந்தது. இரண்டாவது கட்டடம் வெறும் தூண்களாக நின்றது. ஒச்சம்மா அதையெல்லாம் காதில் வாங்கவில்லை. அண்ணன் வீடு இருக்க அவளுக்கு எதற்கு சர்க்கார் வீடு?

ஒரு நாள் இரண்டு பேரும் கொல்லையில் உட்கார்ந்து சூரை மீன் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். அமிர்தவல்லி அரிவாள்மனையை விட்டுக் கண்ணை எடுக்காமல் பேசினாள்.

"ஒச்சு, உங்கண்ணன் வீட்டக் குடுத்துட்டாரு."

"யாருக்குக் குடுத்தாக? விசேசத்துக்கா?"

"வித்தாச்சுன்னு சொல்றேன். ஒரு மெட்ராஸ்காரருக்கு. ஓட்டல் கட்டுறாரு. நாங்க பாத்துபஸ்தியில ஃபிளாட் வாங்கியாச்சு. பொங்கலுக்கு முன்னாடி எல்லாத்தையும் காலி பண்ணிக் குடுக்கணும்."

ஒச்சம்மா கையிலிருந்த மீனைக் கழுவி வைத்தாள். அடுத்த மீனை எடுத்துக்கொண்டே, "அங்கன எங்களுக்கு எந்த ரூமு மதினி? கிரைண்டருக்குக் கீழ்ப்பக்கமாப் பாத்துக்க. சத்தத்துக்கு மேல இருக்கவுக வைவாக" என்றாள்.

அமிர்தவல்லிக்குக் கை நின்றுவிட்டது. "ஃபிளாட்டு ஒச்சு. ரெண்டே ரூமு."

"அப்ப நாங்க?"

"ஐயாவு அண்ணன் ரங்கத்துலதான இருக்காரு. அங்கயே ஒரு வீடு பாத்துக்கிட்டா புருசன் பொண்டாட்டி ஒண்ணா இருக்கலாம்ல. எத்தன நாளைக்கு இப்பிடி ஆளுக்கொரு மூல?"

உபகாரம் செய்கிற குரலில் சொன்னாள். ரங்கத்தில் யார் அவளிடம் மாவு வாங்குவார்கள்? கார்த்திகாவின் படிப்பு என்ன ஆகும்? ஐயாவுக்குப் போன் போட்டாள். "ஒங்கண்ணன்கிட்ட வேல பாக்குறவன்டி நான். பகைச்சுக்கிட்டா சோத்துக்கு எங்க போறது?" என்றார். போனில் பேசி ஆகப்போவது ஒன்றுமில்லை.

அன்று சாயங்காலம் ஆசியா தானாக மேலே ஏறி வந்தாள். சாவி வந்த சந்தோஷத்துக்குச் சேமியா பாயசம் கொண்டுவந்திருந்தாள். ஒச்சம்மா அணைத்து வைத்த கிரைண்டருக்கு முன்னால் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

"எங்கண்ணனுக்கு என்னமோ நெருக்கடி வந்துருச்சு ஆசியா. திடுதிப்புனு விக்க வேண்டியதாப் போச்சு போல."

"திடுதிப்புண்டு ஒண்ணுமில்லக்கா. அந்த மெட்ராஸ்காரு கணக்கெடுக்க வந்ததுக்கு முந்தின வாரமே வந்துட்டாரு. இந்தச் சாய்ப்புல டேப்பு புடிச்சு அளந்தாரு. நாந்தான் குடிக்கத் தண்ணி குடுத்தேன்."

"அது அண்ணனோட சிநேகிதருல்ல? நான் தோச சுட்டுக் குடுத்தேனே. சட்னி பிரமாதம்னாரே."

"அவருதான்."

ஒச்சம்மா அழுகையை நிறுத்திவிட்டாள். டேக்ஸும் இல்லை கீக்ஸும் இல்லை. வீட்டை அளந்து முடித்துவிட்டுத்தான் அவளிடம் வந்து வீட்டு ஆளுன்னு சொல்லிரு என்றிருக்கிறார்கள். நம்ப வைத்துக் கழுத்தை அறுப்பது என்பார்களே, அதற்கு அவளே கத்தியையும் தீட்டிக் கொடுத்திருக்கிறாள்.

"எந்திரிங்கக்கா. நாளைக்கு ஆபீசுக்குப் போவோம். நான் வாரேன்" என்றாள் ஆசியா. மாவு கொடுக்காத கதையை அவள் எடுக்கவே இல்லை. அதுவே ஒச்சம்மாவுக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

ஆபீசில் ப்ரியங்கா மேடம் ஒச்சம்மாவை அடையாளம் கண்டுகொண்டாள். "நீங்கதானே அம்மா பக்கான்னு சொன்னீங்க? நான் என்ன செய்றது?" என்று நெற்றியைத் தேய்த்தாள். பிறகு மனசு கேட்காமல், "ஒண்ணு பண்றேன். நானே ஸ்பாட்டுக்கு வந்து திரும்ப விசாரிக்கிறேன். வீட்டுக்காரங்க வாயால கிராயதார்னு ஒரு வார்த்தை சொல்லட்டும், பஸ், அது போதும். உடனே சேத்துடுவேன். ரெண்டாவது பில்டிங் முடியற வரைக்கும் உங்கள யாரும் எழுப்ப முடியாது" என்றாள்.

திரும்பி வருகிற வழியில் ஒச்சம்மாவுக்கு நம்பிக்கை வந்துவிட்டது. "பின்னால என்னத்தச் செஞ்சாலும் மூஞ்சிக்கு நேரா மதினி பொய் சொல்ல மாட்டா. அவளப் பத்தி எனக்குத் தெரியும்."

அதுவும் சரிதான். அமிர்தவல்லி பொய் சொல்லவில்லை.

மேடம் வந்த அன்று ஜம்புலிங்கம் வெள்ளைச் சட்டையோடு முற்றத்தில் நின்றார். அமிர்தவல்லி தலைக்குக் குளித்து மஞ்சள் பூசி வந்தாள். வந்தவள் நேரே ஒச்சம்மா பக்கத்தில் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இவங்க உங்க கிராயதாரா?" என்று மேடம் கேட்டாள்.

"கிராயதாரா?" அமிர்தவல்லி ரவிக்கைக்குள்ளிருந்து தாலியை எடுத்து வெளியே போட்டாள். "இதப் பாருங்க மேடம். எனக்குத் தாலி ஏறுறப்ப இதுல ரெண்டு முடிச்சு இவ போட்டது. மேரி நனத் ஹே. என் நாத்தனா. எனக்குப் பிரசவம் பாத்தவ, என் புள்ளைய இடுப்புல வச்சு வளத்தவ. இவளப் போயி கிராயதார்னு சொன்னா என் நாக்கு அழுகிராது?"

அவள் கண்ணில் நீர் கட்டியது. நடிப்பில்லை, அசல் கண்ணீர். அதுதான் கொடுமை. மஞ்சள் கயிறு போய்த் தங்கக் கொடியாகி எத்தனையோ வருஷம் ஆயிற்று. அதில் முடிச்சு எங்கே இருக்கிறது? ஆனாலும் தாலி தாலிதான்.

மேடம் ஒச்சம்மாவைப் பார்த்தாள். "சச் ஹே அம்மா? அந்த முடிச்சு நீங்க போட்டதா?"

ஒச்சம்மாவின் உதடு அசைந்தது. இல்லை என்றால் என்ன? கிரைண்டர் இருந்த இடத்தில் இருக்கும். கார்த்திகா படித்து முடிப்பாள். ஆனால் நல்ல நாளில் கூடப்பிறந்தவளாக நின்று போட்ட முடிச்சை எப்படி இல்லை என்பாள்? அது கட்டியவளே தாலியை அறுத்த மாதிரி ஆகாதா? எதிரிக்குக்கூட அவள் அதைச் செய்ய மாட்டாள்.

"நாந்தான் போட்டேன்" என்றாள். உடனே அவசரமாக, "ஆனா வாடகையும் நாந்தான் மேடம் குடுத்தேன். மாசாமாசம், வெள்ளிக்கிழம, இந்தக் கையிலதான் குடுத்தேன்" என்று அமிர்தவல்லியின் கையைத் தூக்கிக் காட்டினாள்.

"செலவுக்குக் குடுப்பா மேடம்" என்றாள் அமிர்தவல்லி, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "ஒரே குடும்பம்னா செலவுல பங்கு போட மாட்டாங்களா? அவளையே கேளுங்க, என்ன சொல்லிக் குடுப்பான்னு."

"அல்லா மேல சத்தியமா அது வாடகை மேடம்!" என்று கீழ்ப்படியிலிருந்து கத்தினாள் ஆசியா.

ஒச்சம்மா ஜம்புலிங்கத்தின் பக்கம் திரும்பினாள். "அண்ணே, நீ சொல்லுண்ணே. ஒரே ஒரு வார்த்த."

ஜம்புலிங்கம் ஒலிக்காத போனைக் காதில் வைத்தார். "ஹலோ... ஹலோ... நெட்வொர்க் நஹி" என்று சொல்லிக்கொண்டே ரோட்டுப் பக்கம் நடந்தார். நார்த்தங்காய் நீட்டிய அதே கைதான்.

ப்ரியங்கா மேடம் பேனாவை மூடினாள். "ரெண்டு பேரும் ரிஷ்தேதார், சொந்தக்காரங்கன்னு சொல்றீங்க. முன்னாடியும் அதேதான். நான் எப்படி அம்மா எழுத முடியும்?" என்றாள். போகும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தாள், அவ்வளவுதான்.

பொங்கலுக்கு முந்தி ஐயாவு ஒரு பிக்கப் வண்டியைப் பேசி அனுப்பினார். அவர் வரவில்லை. ஜம்புலிங்கத்தின் முகத்தில் விழிக்கக் கூசுகிறதோ, வேலைதான் விடவில்லையோ. கார்த்திகா பரீட்சை முடிகிறவரை ஆசியாவின் புது வீட்டில் இருப்பது என்று ஏற்பாடு. ஒச்சம்மா கேட்கவில்லை, ஆசியாவாகச் சொன்னது. "ஒனக்கு மாவு இல்லன்ன பாவி நானு" என்று ஒச்சம்மா அவள் கையைப் பிடித்தபோது, "ரங்கத்துலேர்ந்து வாரப்ப ஒரு தூக்குவாளி கொண்டாங்க, கழிச்சுக்குறேன்" என்று ஆசியா சிரித்துச் சமாளித்தாள்.

அன்றும் தண்ணீர் நாள். குழாயில் தண்ணீர் வந்து சிமென்ட் தரையில் சும்மா ஓடியது. காலி டிரம்கள் எல்லாம் வண்டியில் ஏறியிருந்தன. கிரைண்டரைத் தூக்கிய இடத்தில் தரை வெள்ளையாக வட்டமாகத் தெரிந்தது. டிரைவர் பய்யா ஹார்ன் அடித்து, "ஜல்தி அம்மா, கான்வாய் சூட் ஜாயேகா" என்றான். காட்டு வழியில் வண்டிகளைச் சேர்த்துத்தான் விடுவார்கள். தவறினால் பாராடாங்கில் ஃபெர்ரி பிடிப்பதும் தவறிவிடும். ஆசியாவும் கார்த்திகாவும் கடைசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஏறினார்கள்.

அப்போது அமிர்தவல்லி ஒரு தட்டோடு வந்தாள். மஞ்சள், குங்குமம், ரவிக்கைத் துணி, நாலு வெற்றிலை.

"பொறந்த வீட்டுலேர்ந்து வெறுங்கையாப் போகக்கூடாது ஒச்சு. எடுத்துக்க."

ஒச்சம்மா தட்டைப் பார்த்தாள். பிறகு இடுப்புச் சுருக்குப் பையை அவிழ்த்து மடித்த நோட்டுகளை எடுத்தாள்.

"இந்த மாசத்துது குடுக்கல."

"அதுக்கென்ன இப்ப" என்று சொல்லிக்கொண்டே அமிர்தவல்லி தட்டை இடது கைக்கு மாற்றிவிட்டு வலது கையை நீட்டினாள். பழகிய கை.

ஒச்சம்மா கொடுக்கவில்லை. "இது என்னான்னு ஒரு வார்த்த சொல்லி வாங்கிக்க."

அமிர்தவல்லி ரோட்டைப் பார்த்தாள். மேடத்தின் ஜீப் ஒன்றும் இல்லை. ஆசியாவின் தலை வண்டிக்கு அந்தப் பக்கம் தெரிந்தது. குழாய்த் தண்ணீர் சத்தத்துக்கு எட்டடிக்கு அப்பால் எதுவும் கேட்காது. திரும்பி, ஒச்சம்மாவின் கண்ணைப் பார்க்காமல், மெதுவாகச் சொன்னாள்.

"வாடகைதான் ஒச்சு. குடு."

ஒச்சம்மா பணத்தை அந்தக் கையில் வைத்தாள். கீழே விழுந்துவிடாமல் அதன் விரல்களை மடக்கியும் விட்டாள். குங்குமத் தட்டைத் தொடவில்லை.

"அப்ப நான் வாரேங்க" என்றாள், வீட்டுக்காரம்மாவிடம் சொல்கிற மாதிரி, மதினி என்று கூப்பிடாமல். பிறகு குழாயை இறுக்கி மூடிவிட்டு வண்டியைப் பார்த்து நடந்தாள்.